தோட்டத்து வீட்டுக்கு வந்த துப்பாக்கி

ஆகஸ்ட் 4

காரைத்தோட்டத்து ரத்தினக்கா இன்று விடியலில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நேற்று ராத்திரி திருடர்கள் இரும்புக் கம்பியால் அடித்ததிலிருந்து அவருக்கு நினைவே திரும்பவில்லை. அவர் வீட்டுக்காரர் பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். பிழைத்து என்ன செய்வார் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் ஒரு தாலிக்கொடிக்காக. அவர்கள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மஞ்சள் காடு மட்டும்தான்.

போலீஸ் நாய் வந்தது. மஞ்சள் காட்டைத் தாண்டி நேராக எங்கள் வாசலுக்கு ஓடிவந்து, மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டது. 'சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது' என்று நாளைக்குப் பேப்பரில் வரும். நியாயம்தான், நல்ல வெயில்.

பின்னாலேயே வந்த போலீஸ்காரர் எங்கள் விவரம் எழுதிக்கொண்டார். சம்பூர்ணம், வயது அறுபத்தாறு, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கணவர் சென்னியப்பன், வயது எழுபத்திரண்டு, தென்னை விவசாயம். ஒரே மகள் சுகந்தி, கோயமுத்தூர். வீட்டில் இரண்டு பேர் மட்டும். எல்லாத் தோட்டத்திலும் இப்படி எழுதிக்கொண்டு போகிறாராம். திருடன் கையில் இது கிடைத்தால் அவனுக்கு அலைச்சல் மிச்சம்.

ஆகஸ்ட் 9

எங்களைக் காப்பாற்றக் காவல்துறை ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறது. பெயர் 'தோட்டத்து உறவுகள்'. இதுவரை வந்த எச்சரிக்கைகள்: ரோஜாப்பூ படங்கள், முருகன் படங்கள், மூட்டு வலிக்கு எருக்க இலை வைத்தியம்.

சுகந்தி போனில் அழுதாள். "அம்மா, பேசாம ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. நாலாவது மாடி, கீழ வாட்ச்மேன் இருக்கறாரு."

இவர் போனை வாங்கினார். "நாலாவது மாடீல தென்னை வெக்க முடியுமா அம்மிணி?"

"அப்பா, நான் வெளையாடல."

"நானும் வெளையாடல. துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போடப்போறேன். எவன் வர்றான்னு பாக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். பல்லியை விரட்டக்கூட என்னைக் கூப்பிடுகிற மனிதர்.

ஆகஸ்ட் 21

துப்பாக்கி வரும்வரை இடைக்காலப் பாதுகாப்பாக ஒரு நாய் வந்திருக்கிறது. பெயர் வீரன். மயில் அகவினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இந்தப் பக்கம் மயிலுக்குக் குறைவில்லை என்பதால் வீரன் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில்தான் பணியாற்றுகிறது.

செப்டம்பர் 12

முந்தாநாள் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஆதார், பட்டா, ஐந்து போட்டோ, 'எதற்காக' என்ற கட்டத்தில் 'உயிருக்கும் உடைமைக்கும்'.

கொடுத்துவிட்டு அப்படியே சந்தைக்குப் போனவர் மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துவிட்டார். கேட்டால், "நான் பஸ்ஸுலதானே போனேன்" என்கிறார். பெட்ரோல் விற்கிற விலைக்கு நல்ல யோசனை. மறுநாள் பால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்.

கிழக்குப் பாத்திக்கு இன்று இரண்டாம் முறை தண்ணீர் கட்டியிருக்கிறார். தென்னை புகார் சொல்லவில்லை.

அக்டோபர் 3

துப்பாக்கி வைத்துக்கொள்ள மனசும் உடம்பும் சரியாக இருக்கின்றன என்று டாக்டர் சான்று தர வேண்டுமாம். டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்தம் பார்த்தார். தேங்காய் என்ன விலை போகிறது என்று கேட்டார். இவர் டக்கென்று சொன்னார். போன வருஷத்து விலை.

டாக்டர் எழுதிக்கொண்டே என்னைக் கேட்டார். "மறதி, கொழப்பம், கோபம், அப்படி ஏதாச்சும் உண்டுங்களா?"

"கோபமெல்லாம் எனக்குத்தானுங் வரும்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். இவரும் சிரித்தார். சீல் விழுந்தது. மொத்தப் பரிசோதனையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது, "டாக்டர்கிட்ட என்னைக்குப் போகோணும்?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 18

விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார்.

"துப்பாக்கி எதுக்குங்கய்யா?"

"திருடன் வந்தா சுடறதுக்கு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்லக் கூடாதுங்கய்யா. உயிருக்கு ஆபத்துன்னு வேற வழியே இல்லாத நேரத்துலதான். ஓடறவனச் சுட்டா நீங்கதான் உள்ள போவீங்க."

அதாவது திருடன் நம்மைக் கொல்லத்தான் வந்திருக்கிறானா, திருட மட்டும் வந்தானா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அவனும் நிதானமாகப் பதில் சொல்வான்.

அதிகாரி இவர் வயதைக் கேட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் அவளக் கேளுங்க. கணக்கு டீச்சர்."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

ஜனவரி 16

பொங்கலுக்கு வந்த சுகந்தி கிளம்பும்போது, "அப்பா ஏம்மா என்னை ரெண்டு தடவை அத்தை பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு?" என்று கேட்டாள். "உனக்கு அவ மூக்கு" என்றேன். மூக்கு ஒன்றும் அப்படி இல்லை.

பிப்ரவரி 10

ரைபிள் கிளப்பில் பயிற்சி. கூட வந்த மில் முதலாளிகள் எல்லாம் வேலியைச் சுட்டார்கள். இவர் அட்டையின் நடுவில் சுட்டார், திரும்பத் திரும்ப. அந்தக் காலத்தில் இவருடைய அப்பா பன்றி விரட்ட ஒரு துப்பாக்கி வைத்திருந்தாராம், கை மறக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் என்னிடம் வந்து, "கண்ணும் கையும் அபாரமுங்கம்மா, முப்பது வயசுப் பையனாட்ட" என்றார்.

கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

மார்ச் 7

வந்துவிட்டது. இரட்டைக் குழல், பன்னிரண்டு போர் ரகம், ஒரு பெட்டித் தோட்டா. பீரோவுக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் வைத்தோம். பெண் பார்க்க வருகிற மாதிரி ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து பார்த்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் காப்பி போட்டே என் கை ஓய்ந்துபோயிற்று. பெண்ணுக்காவது பாடத் தெரியுமா என்று கேட்பார்கள். இதற்கு அந்தத் தொந்தரவு இல்லை.

'தோட்டத்து உறவுகள்' குழுவில் வாழ்த்துகள். அதே ரோஜாப்பூ.

மார்ச் 29

தேங்காய் போட ஆள் வந்தார்கள், மூன்று பேர். நேற்றுச் சாயங்காலம் இவரே போன் பண்ணி வரச் சொன்னவர்கள். இன்று முதல் ஆள் பாதி மரம் ஏறியபோது இவர் துப்பாக்கியோடு வாசலுக்கு வந்து நின்று, "எறங்குடா! எத்தன பேருடா வந்திருக்கீங்க?" என்று சத்தம் போட்டார். கீழே நின்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். மரத்தில் இருந்தவர் பாவம், எங்கே ஓடுவார்?

"நம்மாளுங்கதானுங், நீங்க வரச் சொன்னீங்க" என்று நான் போய்க் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு, "எனக்குத் தெரியாதா? சும்மா மெரட்டிப் பாத்தேன்" என்றார்.

இறங்கி வந்தவர் குடத்துத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, அடுத்த முறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாதுகாப்பு பலமாகிவிட்டது. திருடன் மட்டுமில்லை, யாருமே வருவதில்லை.

ஏப்ரல் 2

தோட்டாக்களை எடுத்து ராகி டின்னுக்குள் வைத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கும்.

மே 18

எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கூட இருந்த சுகந்தி இன்று கிளம்பிவிட்டாள். குனியக் கூடாதாம். சேலைக் கொசுவம் குனியாமல் வராது என்று தன் சுடிதார் இரண்டை விட்டுப் போயிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி வேறு. நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை மாதிரி இல்லை, ஓய்வுபெற்ற கடத்தல்காரி மாதிரி இருந்தது.

இவர் மட்டும், "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

மே 30

மத்தியானம் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கண்ணைக் காட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தேன். நல்ல வெயில். கறுப்புக் கண்ணாடி, சுடிதார், தலைக்கு மேல் துண்டு. கேட்டைத் திறந்து உள்ளே வந்து மாட்டுத் தொட்டி வரைக்கும் வந்துவிட்டேன்.

"நில்லு" என்றார்.

வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். தோளில் துப்பாக்கி ஏறியிருந்தது. குழல் இரண்டும் என்னைப் பார்த்தன. ரைபிள் கிளப்பில் நின்ற அதே நிலை, ஆட்டமே இல்லை.

"நல்லாருக்குதுங் வரவேற்பு" என்றேன். "கொஞ்சம் கீழ எறக்குங்க. வெயில்ல வந்திருக்கறேன்."

"யாரு நீ? பொம்பள வேசம் போட்டு வேவு பாக்க வந்தியா?"

கண்ணாடிதான் காரணம் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். கண்ணாடியைக் கழற்றினேன். துண்டை எடுத்தேன். வெளிச்சம் கண்ணில் குத்தித் தண்ணீராகக் கொட்டியது. அப்படியே அவர் முகத்துக்கு நேராக நின்றேன்.

"நானுங்" என்றேன்.

"நான்னா யாரு?"

நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்த மனிதர், என் முகத்தை ஒரு முழுப் பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார். விரல் விசையில் இருந்தது. வீரன் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ராகி டின்னை நினைத்துப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த டின் பக்கமே நான் போகவில்லை. தோட்டா அங்கே இருக்கிறதா, குழலுக்குள் இருக்கிறதா, தெரியாது. ஓடலாம் என்றால், ஓடுகிறவர்களைச் சுடக் கூடாது என்ற சட்டம் எனக்குத்தான் தெரியும், இவருக்கு நினைவிருக்குமா?

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வாய் தானாகப் பேசியது.

"தாலுகா ஆபீசுல இருந்து வர்றனுங். எலெக்சன் வருது. லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு."

தேர்தல் சமயத்தில் அப்படி ஒரு விதி உண்டு. லைசென்ஸ் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார்கள். இப்போது எந்தத் தேர்தலும் இல்லை. ஆனால் இவர் ஆயுசில் வரி பாக்கி வைத்ததில்லை, வரிசையில் முந்தியதில்லை. உத்தரவு என்ற சொல்லைக் கேட்டதும் குழல் கொஞ்சம் தாழ்ந்தது.

"தாலுகா ஆபீசா? அதச் சொல்ல வேண்டியதுதானுங்களே" என்றார். எனக்கு 'ங்க' போட்டார். "ஆனா இப்பக் குடுக்க முடியாதுங். ஊட்டுல பொம்பள தனியா இருக்கறா."

"எங்கிங் அவங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கறா. கணக்கு டீச்சர். இப்ப வந்துருவா."

"அவங்க வந்தா நான் பேசிக்கறனுங்."

"அவகிட்டப் பேசி நீங்க ஜெயிக்க முடியாதுங். வாய் கொஞ்சம் சாஸ்தி." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ ஒரு அரசாங்க அம்மாவிடம் சொன்னார். "காரைத்தோட்டத்துல அப்படி ஆனதுல இருந்து அவ தூங்கறதில்லீங். கண்ண மூடிட்டுப் படுத்திருப்பா. தூங்கறாப்பல எனக்குக் காட்டறதுக்கு. கேட்டா நக்கலாப் பேசீட்டுப் போயிருவா. பயந்தாத்தானுங் அவ அப்படிப் பேசுவா. அவளுக்காகத்தான் இத வாங்குனேன். இல்லீன்னா எனக்கெதுக்குங் இந்தக் கெரகம்?"

கன்னத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

"அவங்களுக்கு நாங்க பாதுகாப்புக் குடுக்கறமுங்" என்றேன். "போலீஸ் வந்து நிக்கும்."

யோசித்தார். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, குழலைத் தரைக்குக் காட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"ரசீது?"

ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று பெற்றுக்கொண்டேன். கையெழுத்து, தேதி. வாங்கிப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போனார்.

நான் மாட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். துப்பாக்கியை மடித்துத் திறந்து பார்த்தேன். பிறகு அதைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சாக்கைப் போட்டு மூடினேன்.

சொம்போடு திரும்பி வந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "எப்ப வந்தே? கண்ணாடியப் போட்டுக்காம வெயில்ல உக்காந்திருக்கறே! கண்ணுல தண்ணியா ஊத்துது பாரு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாத் தெரியும்னு சொன்னாருங்."

கையில் இருந்த சொம்பைப் பார்த்தார். யாருக்கு என்று யோசிப்பது தெரிந்தது. "எனக்குத்தானுங்" என்று வாங்கிக் குடித்தேன். உப்புப் போட மறந்திருந்தார்.

மே 31

இரண்டு குழலிலும் தோட்டா இருந்தது. ராகி டின்னில் மீதி அப்படியே இருக்கிறது, பூச்சி இல்லாமல்.

ஜூன் 3

ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். எஸ்.ஐ. தங்கதுரை ஜீப்பில் வந்தார்.

"ஏனுங்கம்மா, இந்தச் சுத்துவட்டாரமே துப்பாக்கி வேணும்னு மனுக் குடுத்துட்டு நிக்குது. கெடச்ச நீங்க திருப்பிக் குடுக்கறீங்க?"

"எண்ணெய் போடறதுக்கு ஆளில்லீங்" என்றேன்.

அவர் வாசலில் நின்ற இவரைப் பார்த்தார். இவர் அவரைத் தேங்காய் வியாபாரி என்று நினைத்து, காய் இன்னும் முற்றவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. பொறுமையாக விலை பேசினார். கொஞ்சம் ஏற்றியே கேட்டார். பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, "கையெழுத்து மட்டும் அவர்கிட்ட வாங்கிக்கறனுங்கம்மா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

நக்கலாக ஏதாவது சொல்லத் தோன்றவில்லை. வெயிலாக இருக்கும்.

ஜூன் 19

கோயமுத்தூர். நரம்பு டாக்டர். தேங்காய் விலை கேட்கவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார். மூன்று சொற்கள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மாணவனுக்குச் சைகை காட்டுகிற டீச்சர் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர், "நீங்க சொல்லக் கூடாதும்மா" என்றார்.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். "இப்பச் சமீபமாத்தானுங்" என்றேன்.

"பொங்கல்ல இருந்தே எனக்குத் தெரியும்மா" என்றாள் சுகந்தி. "நீ சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

நோயின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பெயர். இவருக்கு அது கண்டிப்பாக ஞாபகம் இருக்காது.

சுகந்தி மறுபடியும் நாலாவது மாடியைப் பற்றிப் பேசினாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. "தென்னை இருக்கற வரைக்கும் அவருக்கு வழி தெரியும்" என்றேன். மாதம் இரண்டு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பகலில் கூட இருக்க ஓர் ஆளைப் பார்க்கிறாள்.

ஜூலை 2

ரத்தினக்காவைக் கொன்றவர்கள் பிடிபட்டுவிட்டார்கள். வேறு மாவட்டத்தில், வேறு வழக்கில், தற்செயலாக. இனிப் பயமில்லை என்று 'தோட்டத்து உறவுகள்' குழுவில் அறிவிப்பு. என்ன பூ என்று சொல்லத் தேவையில்லை.

ஜூலை 6

நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவரைக் காணோம். மெயின் ரோட்டில், லாரி போகிற பக்கமாக, சந்தைக்கு என்று நடந்துகொண்டிருந்தாராம். பால்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இன்று சந்தை இல்லை.

ஜூலை 9

கேட்டுக்கு நம்பர் பூட்டு வாங்கி மாட்டினேன். கடைக்காரர், "திருடன் பயமுங்களா? அதான் புடிச்சுட்டாங்களே" என்றார். "எதுக்கும் இருக்கட்டுமுங்" என்றேன்.

மாட்டிவிட்டு நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது இவர் வந்து பக்கத்தில் நின்றார். பூட்டைக் கையில் எடுத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். உள்பக்கமாக மாட்டியிருப்பதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார், நான் யாரென்று தெரிந்துதான்.

"நம்பர் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாம். எங்கிட்டச் சொல்லாத. எவனாச்சும் வந்து மெரட்டிக் கேட்டா நாஞ் சொல்லீருவேன்."

கேட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

"இனி ஒண்ணும் பயமில்ல. நீ போய்ச் சித்தெ நேரம் தூங்கு" என்றார்.

பட்டப்பகல். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தூங்கிவிட்டேன்.